மாவு கலையாத திராட்சை

அண்ணன் போனது ஒரு புதன்கிழமை. ஆரஞ்சு வரத்து முடிகிற வாரம். விடியற்காலை முதல் பேருந்தில் வரும் பழப்பெட்டிகளை இறக்கிக்கொள்வதற்காக அவள் வழக்கம்போலப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தாள். மூன்றாம் நடைமேடையின் சிமெண்டுப் பலகையில், ஒரு துணிப்பையும் ஒரு தகரப் பெட்டியுமாக அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் போகப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். என்றைக்கு என்று யாரும் சொல்லவில்லை. கேட்கிற உரிமையை அவள் இழந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஒரு பழப்பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தள்ளுவண்டியில் ஏற்றினார். இரண்டாவதையும் ஏற்றினார். மேலே கிடந்த ஒரு பழத்தை எடுத்துக் காம்புக்குழியை முகர்ந்து பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். வேறு ஒருவர் தோட்டத்துப் பழம் அது.

"நல்லாத்தான் வளர்த்திருக்கான்," என்றார். பிறகு, "தூக்கும்போது முதுகை வளைக்காதே பாப்பா. முட்டியை மடக்கு."

அவளுக்கு நாற்பத்தொரு வயது. உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அவள் இன்னும் பாப்பா.

அவள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். நடத்துனர் விசில் ஊதினார். "சாப்பிட ஏதாவது எடுத்துக்கிட்டீங்களா?" என்றுதான் அவளுக்குக் கேட்க வந்தது. அண்ணி கட்டிக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். கடல் தாண்டி எங்கேயோ ஒரு கொட்டகையில் வேலை என்று பிறகு தெரிந்தது. பழங்களுக்கு மெழுகு பூசி, பளபளக்க வைத்து, பெட்டியில் அடுக்குகிற வேலை. வாழ்நாள் முழுக்க எந்தப் பழத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாரோ அதே பழம்.

அன்றைக்கும் மாலை நான்கு மணிக்கு அவள் இருபத்திரண்டு தட்டுகளில் ஆரஞ்சு உரித்து வைத்தாள்.

அந்த வாக்கியம் என்ன என்று சொல்வதற்கு முன்னால் அந்த அண்ணனும் தங்கையும் யார் என்று சொல்லியாக வேண்டும். அவர்களுடைய அப்பா கூலிக்கு மருந்தடிப்பவர். முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு ஊரார் தோட்டங்களில் எல்லாம் பூச்சிமருந்து அடிப்பார். குளித்துவிட்டு வந்தாலும் அந்த வாடை போகாது. பிள்ளைகளைத் தொட்டுத் தூக்க மாட்டார். தள்ளி நின்றே கொஞ்சுவார். ஐம்பது வயதில் நெஞ்சு அடைத்து, ஒரு வாரம் மூச்சுக்குத் தவித்துச் செத்துப்போனார். அன்றைக்கு அண்ணனுக்குப் பதினெட்டு, அவளுக்கு ஒன்பது. இருந்த துண்டு நிலத்தில் இனி ஒரு சொட்டு மருந்து விழாது என்று அண்ணன் சொன்னார். சொன்னவர் சொன்னபடி இருந்தார்.

முதல் ஏழு வருஷம் பூச்சி தின்றது போக மிஞ்சியதைத்தான் அவர்கள் தின்றார்கள். சந்தைக்காரர்கள் அவருக்கு மண்புழு என்று பெயர் வைத்தார்கள். "மண்புழு வர்றார், வழி விடுங்கப்பா, மிதிச்சுடாதீங்க," என்பார்கள். அவருக்குக் கோபமே வராது. மண்புழு உள்ள இடத்தில்தான் மண் இருக்கிறது, உங்கள் கடையில் அது எட்டிக்கூடப் பார்க்காது என்று திருப்பிக் கொடுப்பார். பிறகு காலம் மாறியது. மருந்தடிக்காத பழம் வேண்டும் என்று தேடிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடிய இயற்கைச் சந்தையில் மண்புழுவின் மேசைதான் முதலில் காலியாகும்.

அவள் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் ஒரு பையுடன் திரும்பி வந்தவள். ஏன், எதற்கு என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்தில் ஆள் பற்றவில்லை, நல்ல வேளை வந்தாய் என்றார். அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒரு ஓட்டல் சமையலறையில் பழம் வெட்டினாள். கத்தி பிடிக்கிற நேர்த்தியைப் பார்த்து யாரோ சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த தங்கும் இல்லத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குகிற இல்லம் அது. மூன்று மாடி, இருபத்திரண்டு படுக்கை. லிஃப்ட் இருந்தது, ஓடினதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. மருந்தும் ஊசியுமாகக் கிடக்கிறவர்களுக்கு மாலையில் ஒரு தட்டுப் பழம். அதை வாங்குவது, வெட்டுவது, மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பழத்தக்கா என்றால் இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பருவத்தில் வராத பழத்தை அவள் வாங்க மாட்டாள். கொய்யாவுக்கு ஒரு காலம், ஆரஞ்சுக்கு ஒரு காலம், திராட்சைக்கு ஆறே வாரம். பெட்டிக்கு ஒரு பழம் கடித்துப் பார்க்காமல் பெட்டியை ஒப்புக்கொள்ள மாட்டாள். தோல் சீவ மாட்டாள். விஷம் தொடாத பழத்துக்குத் தோல்தான் ருசி என்பாள். கழுவவும் மாட்டாள். தண்ணீர் பட்ட பழம் நான்கு மணிக்குள் சோர்ந்து கறுத்துவிடும். பழைய மெல்லிய பருத்தித் துணி ஒன்று வைத்திருந்தாள். அதைக்கொண்டு ஒரு துடை துடைத்தால் முடிந்தது.

திராட்சைக்கு அந்தத் துணியும் கிடையாது. கொடியிலிருந்து இறக்கின கருந்திராட்சையின் மேல் மாவு தூவியது போல வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். விரல் பட்டால் கலைந்துவிடும். அந்த மாவு கலையாமல் தட்டில் வைப்பதில் அவளுக்குத் தனிக் கர்வம். யார் கையும் மருந்தும் படாத பழம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்பாள். ரத்த அணு குறைந்தவர்களுக்குப் பழத்தைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, தோலுரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். அதை அவள் தினமும் பார்ப்பாள். அது கடைப்பழத்துக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்வாள். மூன்று வருஷம் அப்படித்தான் நடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன் மட்டும் கழுவாமல் எதையும் வாயில் வைக்க மாட்டார். மருந்துக்குப் பதிலாக அவர் கொடிகளுக்குத் தெளித்தது சாணக் கரைசல். புளிக்க வைத்து, துணியில் வடிகட்டி, இலைக்கு அடிப்பார். அடித்து ஏழு நாள் குலையில் கத்திரி படக்கூடாது. ஏழு நாள் கழித்தாலும் கழுவித்தான் தின்ன வேண்டும் என்பது அவர் சட்டம். "இவர் பழத்தை இவரே நம்பலை," என்று அண்ணி கேலி செய்வாள்.

அந்த வருஷம் இல்லத்துக்கு உதவுகிற பெரியவர்கள் ஒரு வியாழக்கிழமை பார்வையிட வருவதாக இருந்தது. பக்கத்துக் கட்டடத்தையும் சேர்த்து எடுக்கலாமா என்று முடிவு செய்கிற வருகை. எடுத்தால் அங்கேயும் பழம் அவள் பொறுப்புதான். திராட்சை இருந்தால் அன்றைக்கு எடுக்கிற படத்தில் நன்றாக விழும் என்று மேலாளர் சொன்னார். அவள் அண்ணனுக்கு போன் செய்தாள்.

"தெளிச்சு மூணு நாள்தான் ஆச்சு பாப்பா. இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோ."

"வியாழக்கிழமையை விட்டா எனக்கு வேற நாள் இல்லண்ணா."

அவள் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை. "சரி, அனுப்புறேன். ஆனா உன் துணி வேலையெல்லாம் ஆகாது. உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, ஓடுற தண்ணியில மூணு தடவை அலசு. காதுல விழுந்துச்சா?"

விழுந்தது என்றாள். பின்னாலிருந்து அண்ணியின் குரலும் கேட்டது. நல்லாக் கழுவச் சொல்லுங்க, திரும்பவும் சொல்லுங்க என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள், உப்பும் போட்டாள். அதை அவள் கணக்கில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முதல் குலையை முக்கி எடுத்தாள். மாவு போய்விட்டது. எண்ணெய் தடவியது போலப் பளபளவென்று, தெருமுனைக் கடையில் தொங்குகிற திராட்சையாக அது மாறியிருந்தது. அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்த மேலாளர், "என்னக்கா, கடைப்பழம் மாதிரி ஆயிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். படத்துக்குச் சுவர் சுத்தமாக இருக்கட்டும் என்று நர்ஸ் ஒட்டிய காகிதத்தையும் காலையில் அவர்தான் கழற்றியிருந்தார்.

அவள் தொட்டியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். கழுவிய குலையைத் தனக்கென்று ஒதுக்கி வைத்தாள். மிச்சத்தைக் காம்பைப் பிடித்துத் தூக்கி, ஊதி, மாவு கலையாமல் தட்டுகளில் வைத்தாள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

இரண்டாம் மாடியில் ரேடியோக்காரர் இருந்தார். வியாதி வருவதற்கு முன்னால் ரேடியோ பழுது பார்த்தவர். ஜன்னலோரத்தில் ஒரு பழைய பெட்டி எப்போதும் கரகரத்துக்கொண்டிருக்கும். மருந்து ஏற ஏற அவருக்கு நாக்கு செத்துவிட்டது. எதைத் தின்றாலும் தகரத்தை நக்குவது போல இருக்கிறது என்பார். மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. அன்று ஒரு திராட்சையை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"பழத்தக்கா, ஸ்டேஷன் கிடைச்சிடுச்சு," என்றார்.

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் பன்னிரண்டு பழம் தின்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கீழே ஓடிப்போய் இன்னொரு குலை எடுத்து வந்து கொடுத்தாள்.

சனிக்கிழமைக்குள் ஏழு பேர் படுத்துவிட்டார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். எதிர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு பேர் தேறி வந்தார்கள். ரேடியோக்காரர் செவ்வாய்க்கிழமை இறந்தார். உடம்பில் எதிர்த்து நிற்கச் சக்தியில்லை என்று சொன்னார்கள். அவர் ரேடியோவை நர்ஸ்தான் வந்து நிறுத்தினாள். அதுவரைக்கும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. சுகாதார அதிகாரி மெலிந்த பெண்; மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேள்வி கேட்பவள். தோட்டத்திலிருந்து அண்ணனையும் வரவழைத்திருந்தார்கள். அவர் நாற்காலி கொடுத்தும் உட்காராமல் கதவோரம் நின்றார். அதிகாரி முதலில் தங்கையைத்தான் கேட்டாள். நீங்களும் சாப்பிட்டீர்களா? சாப்பிட்டேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா? ஆகவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டாள். பழத்தைக் கழுவவில்லையா? எப்போதும் துடைப்பதுதான் வழக்கம். பறிப்பதற்கு மூன்று நாள் முன்பு சாணக் கரைசல் அடித்த பழம் என்று தோட்டக்காரர் சொல்லவில்லையா? கழுவச் சொல்லவில்லையா?

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை. ரேடியோக்காரர் முகம் கண்முன் வந்தது. அது வந்ததுதான் தாமதம், வாய் தானாகப் பேசிவிட்டது.

"யாரும் எதுவும் சொல்லலைங்க. சொல்லியிருந்தா கழுவியிருக்க மாட்டேனா?"

அதிகாரி கதவோரம் திரும்பினாள். அண்ணன் தங்கையை ஒரு தடவை பார்த்தார். வெறும் பார்வை, கோபம்கூட இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த பழத்தில் சொத்தை இருந்தால் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கீழே வைப்பாரே, அப்படி.

"சொல்ல மறந்துட்டேன்," என்றார்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டாள். கழற்றிய காகிதம் மேசை இழுப்பறையில் இருந்ததால் மேலாளரும் பேச்சை வளர்க்கவில்லை.

ஒரு வருஷத்துக்குத் தோட்டத்துப் பழம் விற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. இயற்கைச் சந்தையில் அவர் மேசையை எடுத்துவிட்டார்கள். மண்புழுவுக்கு உப்புப் போட்டாச்சு என்று சந்தையில் யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்ததாக அவள் காதுக்கு வந்தது. உத்தரவு ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் ஆள் செத்த தோட்டத்துப் பழத்தை எத்தனை வருஷம் போனால் ஜனம் வாங்கும்?

ஒரு வாரம் கழித்து அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அண்ணனின் காலிப் பெட்டிகளை எடுத்துப் போக வந்ததாகச் சொன்னாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்த பிறகுதான் கேட்டாள்.

"அன்னைக்குப் பின்னால நின்னு கத்தினேனே, அது உன் காதுல விழுந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவள் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நான் வாயைத் திறக்கக் கூடாதாம். உங்க அண்ணன் சத்தியம் வாங்கிட்டார். ஒன்பது வயசுலேர்ந்து தூக்கி வளர்த்த பொண்ணாம்." அண்ணி பெட்டிகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் வளர்த்தார்."

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு நாள் லீவு போட்டு, விலாசம் வாங்கிக்கொண்டு, ரேடியோக்காரர் வீட்டுக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். இரண்டு அறை வீடு, குறுகலான சந்து. அலமாரி முழுக்கத் திறந்த வயிற்றுடன் ரேடியோக்கள். யாருடையது எது என்று இனித் தெரியாது. அவருடைய மனைவி டீ கொடுத்தாள். கடைசியாக போனில் பேசியபோது நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது, பழத்தக்கா என்று ஒருத்தி நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள் என்று அவர் சொன்னாராம். அதைச் சொல்லி அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கழுவச் சொல்றதுக்கு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரலையே. அவன் நல்லா இருப்பானா?" என்றாள்.

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருப்பது தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள். இருக்க மாட்டான் என்று ஆட்டினாள். மிச்ச டீயையும் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

அதற்கடுத்த மாதம்தான் அந்தப் புதன்கிழமை, அந்தப் பேருந்து நிலையம். நீங்க சொன்னீங்க, என் காதுல விழுந்துச்சு. இவ்வளவுதான் அந்த வாக்கியம்.

ஆறு மாதத்தில் அண்ணியும் அண்ணனோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். இவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நிலத்தை யாரோ குத்தகைக்கு எடுத்தார்கள். ஒருமுறை பேருந்தில் அந்த வழியாகப் போனபோது திராட்சைப் பந்தல் இருந்த இடத்தில் ஒரு ஆள் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தான். அப்பா திரும்பி வந்து நிற்பது போல இருந்தது. அவள் ஜன்னலை இழுத்து மூடினாள். மூடிய பிறகும் வாடை உள்ளே வந்தது.

இல்லத்தில் அவளை வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டடமும் வந்தது; படுக்கை நாற்பத்தைந்து ஆயிற்று. அவள் இப்போது மூன்று தொட்டி வைத்திருக்கிறாள். ஒன்றில் உப்பு, ஒன்றில் ஓடுகிற தண்ணீர், ஒன்றில் கொதித்து ஆறியது. ஆரஞ்சைக்கூட உரிப்பதற்கு முன்னால் மூன்றிலும் முக்குவாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் பழத்தக்கா தண்ணீரையே கழுவுவாள் என்று புதிய நர்ஸ்கள் கேலி பேசுவார்கள். அவர்களுக்குப் பழைய கதை தெரியாது. யாரும் சொல்வதில்லை. திராட்சைக் காலத்தில் யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால், இந்த வருஷம் நல்ல பழம் வரவில்லை என்பாள். ஒன்பது வருஷமாக நல்ல பழம் வரவில்லை.

உறவுக்காரர் ஒருவரிடமிருந்து அண்ணனின் போன் நம்பர் கிடைத்து நான்கு வருஷம் ஆகிறது. இரண்டு தடவை கூப்பிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை எழுதுவாள், அழிப்பாள். சில நாள் எழுதியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அனுப்புகிற இடத்தில் விரல் போய் நிற்கும். வேலை கூப்பிடும், எழுந்து போய்விடுவாள்.

ஒன்பதாம் வருஷம் கொய்யா வர ஆரம்பித்த ஒரு மத்தியானம். இரண்டாவது தொட்டியில் கை இருந்தது. மேடைமேல் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவள் பார்க்கவில்லை. கொய்யாக்களை மூன்றாவது தொட்டிக்கு மாற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எட்டிப் பார்த்தாள். அண்ணனின் எண். எழுத்து பழகாத ஆள், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியிருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"பாப்பா. அண்ணிக்கு ரத்தத்துல வியாதி. நாலு மாசமா ஆஸ்பத்திரிதான். வாய்க்கு எதுவும் பிடிக்கலை. எல்லாம் தகரமா இருக்குன்னு சொல்றா. திராட்சை வேணும்னு கேக்குறா. கொஞ்சம் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நான் பயந்துக்கிட்டு வாங்கித் தரலை. பாப்பாவைக் கேளுங்க அவளுக்குத் தெரியும்னு அண்ணிதான் சொன்னா. எத்தனை தடவை கழுவணும். எழுது."